அரைப் பக்கம்

மிஷன் வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
என் மேசை.
பிறப்பு, திருமணம், இறப்பு:
பிரெஞ்சிலிருந்து தமிழுக்குப்
பக்கம் முந்நூற்றைம்பது, முத்திரை தனி.

அமலோற்பவ மேரி கொண்டுவந்தது
இந்த மூன்றிலும் சேராத தாள்.
கணவன் லெயோன் ஞானு.
ஞானத்தின் வாலில் ஓர் எழுத்தை மாற்றிப்
பிரெஞ்சுக்காரர்களான குடும்பம்.
ஏப்ரல் இருபதில் பாலைவனத்துக்குப் போனான்.
எந்தப் பாலைவனம் என்று போனில் சொல்ல மாட்டான்.

"ஜனாதிபதி அனுப்பினாராம்.
யாரைக் கேட்டு அனுப்பினார்னு
இதுல இருக்காம். தமிழ்ல வேணும் சார்."

அரசியலமைப்பு. முப்பத்தைந்தாம் பிரிவு.
ஏழே வாக்கியம்.

முதல் வாக்கியம் சுலபம்:
போர் அறிவிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும்.
"அப்ப கேட்டாங்களா?"
இல்லம்மா, இது போர் இல்லை.
போருக்குத்தான் அனுமதி. இதற்குப் பெயர் வேறு.

அடுத்ததில் பேனா நின்றது.
படைகள் வெளிநாட்டில் தலையிட்டால்
மூன்று நாளுக்குள் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்.
போரையும் அறிவிக்கிறார்கள், மன்றத்துக்கும் அறிவிக்கிறார்கள்;
முன்னதற்குக் கேட்க வேண்டும்,
பின்னதற்குச் சொன்னால் போதும்.
பிரெஞ்சில் இரண்டு சொல்,
என் கையில் ஒன்று.
அடித்துவிட்டு எழுதினேன்: தெரிவிக்க வேண்டும்.

"அவரும் அப்படித்தான்," என்றாள்.
"பெட்டியைக் கட்டிட்டுத்தான் சொன்னாரு."

தலையீடு என்ற சொல்லை
அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
தலை. ஈடு.
"யார் தலை சார்?"
நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

மன்றத்தில் இதுபற்றி விவாதம் நடக்கலாம்,
வாக்கெடுப்பு கிடையாது.
இந்த வாக்கியத்தை மட்டும்
இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.
"ஓட்டு இல்லாம என்ன பேசுவாங்க?"

நான்கு மாதம் தாண்டினால்
நீடிக்க அனுமதி கேட்டாக வேண்டும்.
இங்கே விரல் விட்டு எண்ணினாள்.
அவள் தம்பிக்குத் தேங்காய்த்திட்டில் விசைப்படகு.
தடைக்காலம் அறுபத்தோரு நாள்;
அறுபதாம் நாள் இறக்கினால்
வலையையும் மீனையும் பிடுங்க ஆள் நிற்கும்.
நாள் எண்ணும் சட்டம் அவளுக்குப் புதிதல்ல.
மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.
மாதா பண்டிகை கழிந்து ஐந்தாம் நாள்
கேள்வி கேட்பார்கள், கை தூக்குவார்கள்,
யாராவது ஒருவராவது
வேண்டாம் என்பார்.

ஏழாவது வாக்கியத்தை
நான் இன்னும் தொடவில்லை.

கடைசியில் தொட்டேன்:
கெடு முடியும்போது மன்றம் கூடியிராவிட்டால்
அடுத்த கூட்டத்தொடரின் தொடக்கத்தில் முடிவு செய்யும்.

"ஆகஸ்ட்ல கூடாதா?"
ஆகஸ்டில் அங்கே கோடை விடுமுறை.
அக்டோபரில்தான் கூடும்.
அவள் எண்ணிய விரல்கள்
அப்படியே நின்றன, மடங்காமல்.
கீழே ஜெராக்ஸ் இயந்திரம்
யாருடைய ஆதாரையோ நகலெடுத்துக்கொண்டிருந்தது.

தட்டச்சு செய்தால் அரைப் பக்கம் வந்தது.
வங்கிக் கடன் பத்திரம்கூடப் பதினாறு பக்கம் வரும்.
முத்திரை குத்தினேன், கையெழுத்திட்டேன்.
காலியாய்க் கிடந்த கீழ்ப்பாதியில்
குறுக்கே ஒரு கோடு இழுப்பது எங்கள் வழக்கம்,
பிறகு யாரும் எதையும் சேர்த்துவிடாமல் இருக்க.

அடிக்கோலை வைத்தபோது
அவள் கை தாளின் மேல் வந்து உட்கார்ந்தது.
"அந்த எடத்த அடிக்காதீங்க சார்."

விதிப்படி அது செல்லாத மொழிபெயர்ப்பு.
முந்நூற்றைம்பதையும் எண்ணி வைத்துவிட்டு
மடிக்காமல் எடுத்துப் போனாள்.