வருகையின் நோக்கம்

மண்ணடி, அங்கப்ப நாயக்கன் தெரு,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
தெக்லா அக்கா மூன்றாம் முறையாகப்
படமெடுத்து வந்திருக்கிறாள்.
முதல் படத்தில் காது தெரியவில்லை.
அடுத்ததில் லேசாய்ச் சிரித்துவிட்டாள்.
இதில் சரியாக இருக்கிறாள்:
மீன் ஏலம் படியாத நாளின் முகம்.

அந்த நாட்டில் தனியாக நடக்க முடியாது.
ஒரு வழிகாட்டி,
வழிகாட்டியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர்.
கப்பலைப் படம் பிடிக்கக் கூடாது.
வேதப் புத்தகம் ஒன்று போகலாம்,
மறந்தும் அங்கே விட்டு வரக் கூடாது.
விதை, மண், கருவாடு ஆகாது.

படிக்கப் படிக்கத் தலையாட்டினாள்,
துறைமுகச் சுவரோரம் பிறந்தவள்,
பாஸ் இல்லாமல் எட்டிப் பார்த்து
அடி வாங்கியவனின் அக்கா.

அந்நாட்டில் உறவினர் உண்டா?
இந்தக் கட்டத்தில் பேனா நின்றது.
அருளப்பன் அங்கே இறங்கவில்லை,
எஞ்சின் அறையிலிருந்து இறக்கினார்கள்.
பதினோரு வருஷம்.
"மண்ணுக்குள்ள இருந்தாலும்
இருக்கறதுதானே?"
உள்ளேயிருந்து நைனா பாய்:
"இல்லைன்னு போடு.
நோக்கம், சுற்றுலா."
"பஸ்ஸு அந்தப் பக்கமா போனா போதும் பாய்."

போட்டேன்.
அவள் என் கையைப் பார்க்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஒன்று
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
வைக்க இடம் தெரியாததுபோல் நின்றது.

கையெழுத்து. ரசீது. மீதி நூறு ரூபாய்.
படியில் பாதி இறங்கித் திரும்பினாள்.
"செருப்ப கழுவினு வரணும்னு
எங்கனா போட்டுக்கீதா?"

நாலு பக்கமும் மறுபடி பார்த்தேன்.
போடவில்லை.
அவள் செருப்புப் பட்டைக்குள்
காசிமேட்டு மணல்,
இன்னும் ஈரமாக.