இறக்கம் முதலில்

நெலிதா ரொட்டித் துணியைக் கசக்கி
மேசைமேல் மலையாக்குகிறாள்.
"இது காபானகொண்டே. இந்த மடிப்புக்குள் கொல்கா ஆறு.
இறங்க மூன்று மணி நேரம்.
ஏற எவ்வளவு என்று உன் முட்டியைக் கேள்."

வில்பெர் முட்டியைக் கேட்கவில்லை.
தண்ணீரை எண்ணுகிறான்: நாலு லிட்டர். இல்லை, ஐந்து.
வறுத்த சோளம், பாலாடைக்கட்டி,
பழைய டார்ச்சுக்குப் புது பேட்டரி.

"எட்டு மணி ஆனதும் திரும்பிவிட வேண்டும்,
எங்கே நின்றாலும்."
"ஆறு கண்ணுக்குத் தெரிந்தாலுமா?"
"தெரிந்தாலும்."

கோவேறு கழுதை எதிரே வந்தால்
பாறைப்பக்கம் ஒதுங்கு, என்கிறாள்.
போன மாசம் விற்றது
இப்போது அந்தப் பாதையில்தான்
சுற்றுலாக்காரர்களைச் சுமக்கிறது.
அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அலாரம் மூன்றரைக்கு.
விளக்கணைத்த பின்
பையின் ஜிப் மெல்லத் திறக்கிறது.
யாரோ இரண்டு கேரட்
கூடுதலாக வைக்கிறார்கள்.