ஐந்தாவது வளையம்

ஆவணி பிறந்ததும் மாங்கூழ் ஆலை மூடிவிட்டார்கள்.
கொதிகலனைத் துடைத்து, வால்வுகளுக்கு கிரீஸ் வைத்து,
சாவிக்கொத்தை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்த பிறகு
கைக்கு வேலை இல்லை.
சும்மா இருந்தால் உங்க கை வீட்டுக் குழாயைக் கழற்றுது
என்றாள் கௌரம்மா.

பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது
ஏழடி வெறுந்தண்டு.
கருப்பு. வளையம் இல்லை, பிடி இல்லை.
ஒரு முள்ளங்கி கனம்கூட இருக்காது.
"இதுக்கா ஆயிரத்தி எட்டுநூறு?"
நான் பதில் சொல்லவில்லை.
ஐந்நூறு குறைத்துத்தான் சொல்லியிருந்தேன்.

முதலில் முதுகைக் கண்டுபிடிக்க வேண்டும்.
அடியைத் தரையில் ஊன்றி
நுனியை உள்ளங்கையில் தாங்கி
நடுவில் அழுத்தினால்
தண்டு தானாகப் புரண்டு
தனக்குப் பிடித்த பக்கத்தில் போய் நிற்கும்.
நாம் திருப்பினாலும்
மறுபடி அங்கேதான்.
அந்தப் பக்கத்தில் சாக்பீஸ் கோடு.
கோட்டை மதிக்காமல் வளையம் கட்டினால்
மீன் இழுக்கும்போது கோல் கையிலேயே முறுக்கிக்கொள்ளும்.
"எனக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்கு,"
வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

கார்க் கிடைக்கவில்லை.
ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி
வில்லை வில்லையாக வெட்டி, ஓட்டை போட்டு,
கோத்து, ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தேன்.
நீலமும் வெள்ளையுமாக ஒரு பிடி.
செருப்புக் கடைக்காரரிடம் மட்டும் காட்டவில்லை.

நூலுக்கு ஜபீன் டெய்லர்.
"எந்த ஜாக்கெட்டுக்கு?"
"தூண்டிலுக்கு."
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
மெரூன் கண்டு ஒன்றை எடுத்து வைத்தார்.
"சாயம் போகாது. தண்ணியிலயே கிடந்தாலும்."

பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் நூலை விட்டு
மேலே இட்லிக் குண்டானை ஏற்றினால்
இழுப்பு சரியாக இருக்கிறது.
சுற்றுக்குச் சுற்று இடைவெளி கூடாது,
ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது.
வளையத்தின் காலில் ஏறும் இடத்தில்தான் வழுக்கும்.
அரம் வைத்துக் காலைச் சரிவாக்கணும் என்பது
நாலு தடவை பிரித்த பிறகு புரிந்தது.
முதல் வளையத்துக்கு மூன்று மணி நேரம்.
எட்டாவதுக்கு இருபது நிமிஷம்.
ஏழாவது கொஞ்சம் கோணல்.

பிறகு எபாக்ஸி.
ஊசிக்குழலில் இதுவும் அதுவும் சம அளவு,
கலக்கி, நூல் மேல் தடவி,
குமிழிகளை ஸ்ட்ராவால் ஊதி ஊதி உடைத்து,
கோலை மெல்லச் சுழலவிட வேண்டும், நாலு மணி நேரம்.
நின்றால் ஒரே பக்கம் வழிந்து தொங்கிவிடும்.
செத்த ஏர்கூலரின் ஸ்விங் மோட்டார் அதற்குத்தான்.

எட்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
பழையபேட்டை முழுக்க இருட்டு.

ஆளுக்கு ஒரு முனை.
அவள் அடிப்பக்கம், நான் நுனி.
செல்போன் வெளிச்சத்தில்
அரை நிமிஷத்துக்கு ஒரு கால் சுற்று.
சீட்டுப் பணம் பற்றிப் பேசினோம்.
அவள் தம்பி ஓசூரில் பார்த்த வேலை பற்றி.
பிறகு பேச ஒன்றும் இல்லை, சுற்றினோம்.
பதினொன்றுக்கு மேல் எப்போதோ
இரண்டு பேருமே கண் அசந்திருக்கிறோம்.

காலையில் பார்த்தால்
ஐந்தாவது வளையத்தின் அடியில்
மிளகு அளவுக்கு ஒரு சொட்டு, கண்ணாடியாய் இறுகியிருந்தது.
"நீங்கதான் தூங்குனது."
"நீதான்."
பிளேடை எடுத்தேன்.
நூலும் சேர்ந்து அறுந்துபோகும் என்று தோன்றியது.
வைத்துவிட்டேன்.

கே.ஆர்.பி. அணைக்குப் போனபோது புரட்டாசி.
வீட்டில் மீன் ஆகாது.
பிடித்தால் விட்டுவிடலாம், அது ஒரு வசதி.
என் முதல் வீச்சு பின்னால் இருந்த முள்வேலியில்.
இரண்டாவது, பரவாயில்லை.
ஒன்பது மணிவரை மண்புழுவுக்குத்தான் குளியல்.
கௌரம்மா கையில் வாங்கினாள்,
வாங்கி டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை,
நுனி இரண்டு தடவை தலையாட்டியது.

உள்ளங்கை அகலம் ஒரு ஜிலேபி கெண்டை.
அந்தத் துக்கடாவுக்கே கோல்
நாங்கள் கோடு போட்ட பக்கமாய்
அழகாக வளைந்தது.
முறுக்கவில்லை.
மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு
கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்,
கோலைத் திருப்பித் தரவில்லை.

"எனக்கு இன்னொரு தண்டு சொல்லிடுங்க," என்றாள்.
"பழைய விலைக்கே கேளுங்க.
இரண்டாயிரத்து முந்நூறு."