ஜனவரி ஒன்று, இரண்டாயிரம்

தொண்ணூற்று ஓராயிரத்து நானூற்றுப் பதினாறு படங்கள்.
நாலு ஹார்ட்டிஸ்க். அதில் ஒன்று
பல்லிபோல் கத்த ஆரம்பித்துவிட்டது,
அதனால்தான் இந்த அவசரம்.

கொம்தாரில் கணினி பழுதுபார்க்கும் பூன் ஹாக்
"முதலில் ஒரு சாஃப்ட்வேர் எடு, அப்புறம் அழு" என்றான்.
மலாயில் சொன்னான், எனக்குத் தமிழில் கேட்டது.
ரசீதின் பின்பக்கம் மூன்று பெயர் கிறுக்கித் தந்தான்.
மூன்றும் முப்பது நாள் இலவசம்.

முதலாமவன் வாடகைக்காரன்.
மாதம் நாற்பத்தெட்டு வெள்ளி. கட்டாவிட்டால்
என் படங்களுக்கே என்னை வாசலில் நிறுத்துவானாம்.
எல்லாவற்றையும் மேகத்தில் ஏற்று என்றான்.
ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடி வீடு,
மேகம் பக்கம்தான். ஆனாலும்
இன்னும் பத்தொன்பது நாள் என்று காட்டிவிட்டு
முதல் மழைக்கே நின்றுபோனான்.

அடுத்தவன் கெட்டிக்காரன். கேட்காமலே பெயர் வைப்பான்.
காவடியைக் குடை என்றான்.
ஆப்பத்தைத் தொப்பி என்றான்.
தண்ணீர்மலை என்று நான் அடித்ததை
வெறும் சதுரங்களாக்கித் திருப்பித் தந்தான்.
இரவெல்லாம் உட்கார்ந்து முகம் பிரித்தான்.
காலையில் பார்த்தால்
பதினாறு தைப்பூசத்தில் அலகு குத்திய அத்தனை பேரையும்,
நீறு பூசி, கண் செருகிய
ஆயிரத்து இருநூற்று நான்கு முகங்களையும்
ஒரே வட்டத்துக்குள் போட்டுக்
கீழே கேட்டிருக்கிறான்:
இவர் பெயர் என்ன?

ஆறெழுத்தை அடித்துவிடலாமா என்று ஒரு கணம்
விரல் விசைமேல் நின்றது.
அடித்தால் அதையும் சதுரமாக்குவான்.

மூன்றாவதை நிறுவியபோதுதான் இது வெளியே வந்தது.
என் பழைய கேமராவுக்கு உள்கடிகாரம் செத்துப்போயிருந்தது.
பேட்டரி மாற்றும்போதெல்லாம்
நாட்காட்டி முதல் பக்கத்துக்கு ஓடிவிடும்.
சரிசெய்யணும் சரிசெய்யணும் என்றே ஆறு வருடம்.

ஆகவே
ஜனவரி ஒன்று, இரண்டாயிரம். அந்த ஒரு நாளில்
பட்டர்வொர்த்தில் வெள்ளம்.
வெள்ளித்தேர் மூன்று முறை புறப்பட்டு
ஒருமுறைகூடத் திரும்பவில்லை.
பன்னிரண்டு மணி நாலு நிமிடத்துக்குத்
தேவேந்திரன் அத்தானைத் தூக்கிப் போகிறோம்.
ஒன்பதாவது நிமிடத்தில்
சற்குணவதி அக்காளுக்கு அவர் தாலி கட்டுகிறார்.
பதினொன்றாவது நிமிடத்தில்
பினாங்கு ரோட்டில் கட்டம் போட்ட சட்டையில்
செண்டோல் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்.

துப்பறிய உட்கார்ந்தேன்.
சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர்,
பெட்ரோல் நிலையத்தின் விலைப்பலகை,
அக்காள் மகனுக்கு எத்தனை பல் விழுந்திருக்கிறது,
பின்னால் போகும் பெர்ரிக்கு என்ன நிறம்.
பாதிக்குமேல் தேறியது.
மிச்சத்துக்குத் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
வாடகைக்காரன் சிவப்பெழுத்தில் திட்டினான்.
கெட்டிக்காரன் தானே ஒரு தேதியை இட்டுக்கட்டினான்.
மூன்றாமவன் மட்டும்
அசிங்கமான சாம்பல் நிறத் திரைக்காரன்,
மூலையில் சின்னதாய் ஒரு கட்டம் வைத்திருந்தான்:
தெரியாது.

அக்காளுக்குப் படத்தை அனுப்பினேன்.
உடனே போன் வந்தது.
"இந்தச் சட்டையை நான் பார்த்ததே இல்லையே" என்றாள்.
அவள் வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது.
"எப்போ எடுத்தே?"

எடுத்தவன் நான். வெயில் எந்தப் பக்கம் அடித்தது,
கிண்ணத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்
என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.
கேமராவில் தேதி சரியில்லை என்றேன்.
அது உண்மை.
கட்டத்தில் ஒரு சொடுக்கு.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி, ஒரே தடவை.
பணம் கட்டிய செய்தியைப் பார்த்துப் பூன் ஹாக் சிரித்தான்.
"மூன்றிலேயே அதுதான் மட்டம்.
எதைப் பார்த்து எடுத்தாய்?"

விலை மலிவு என்றேன்.