சுரைக்காய்

பற்றரிக்குத் தடை.
மல்லாவி ஆஸ்பத்திரி விடுதியில்
கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை
நான் கையால் சுற்றினால்தான்
லண்டன் பேசும்.
கை தளர்ந்தால்
வெள்ளைக்காரனுக்குத் தொண்டை அடைக்கும்.

அன்றிரவு எவனோ
தன் தோட்டத்துச் சுரைக்காயின் நீளம் சொன்னான்.
'என்ர கூடைக்குள்ள அடங்காதே'
என்கிற மாதிரி ஒருத்தி இழுத்தாள்.
ரேடியோவுக்குள் ஒரு சபையே
விழுந்து விழுந்து சிரித்தது.

நாங்கள் ஆளையாள் பார்த்தோம்.
மான்செஸ்டரில் இரண்டு வருசம் படித்த
எமில்டா மிஸி மட்டும்
குளோரின் வாளியைப் பிடித்தபடி குலுங்கினா.
"என்னவாம் மிஸி?"
"மரக்கறிக் கண்காட்சியாம்."
"அதுக்கேன் உங்கட காது சிவக்குது?"

பெடலை விட்டுவிட்டேன்.
சபை பாதிச் சிரிப்பில் செத்தது.

அடுத்த கிழமை
மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற பவளராணி
பக்கத்துக் கடைச் சுரைக்காயைத் தூக்கி
முன்னும் பின்னும் பார்த்து
மிக மரியாதையாகக் கேட்டாள்:
"அண்ணை, இது உங்கட சொந்த விளைச்சலோ?"

வரிசை முழுவதும் இருமியது.
வறண்ட இருமல், மருந்தில்லாத இருமல்,
கான் தட்டிக் கீழே விழுகிற இருமல்.

கதை கேட்கவென்றே அங்கு நிற்கும் பெடியன்
கொப்பியை விரித்து எழுதினான்:
'சனம் மரக்கறி விலை பற்றிக் கதைத்தது.'

எழுத்து வடிவுதான்.
காது சிவந்திருந்தது.