கழிவு போக

வெள்ளிக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முதல்.
முதலில் நான் மட்டும் ஏறுவேன்: அறுபத்தெட்டு நாநூறு.
பிறகு சீமெந்தைத் தூக்கிக்கொண்டு: எழுபத்து நாலு எண்ணூறு.
என்னைக் கழித்தால் பூனை.

சாம்பல் நிறம். நாங்கள் மதில் கட்டின வருசம்
வெறும் சீமெந்துப் பையுக்குள் கிடந்து கத்தியது.
பேருக்கு நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை.

"ஐஞ்சரைக்காவது வரவேணும்" என்றார் மிருக வைத்தியர்,
முள்ளந்தண்டைத் தேடி விரலால் அழுத்தியபடி.
"பட்டினி மட்டும் போட்டிடாதேங்கோ, ஈரல் போயிடும்.
கிழமைக்கு ஒரு ஐம்பது கிராம் குறைஞ்சால் காணும்."

ஐம்பது கிராம்.

மருதனார்மடம் சந்தையில்
இருபத்திரண்டு வருசமாக நான் கணக்கப்பிள்ளை.
நூறு கிலோ வெங்காயத்துக்குப் பத்துக் கிலோ கழிவென்று
பேனை தானாகவே எழுதும்.
மண்ணுக்கு, சருகுக்கு, சாக்குக்கு, ஈரத்துக்கு,
கேட்டால் சொல்ல ஏதாவது ஒன்றுக்கு.
ஐம்பது கிராம் என்றால்
தட்டிலிருந்து உருண்டு விழுந்தாலும்
ஆரும் குனிந்து எடுக்காத நாலு வெங்காயம்.

அந்த நாலு வெங்காயத்தைத்தான் இப்போது
பூனைக்குள் தேடுகிறேன்.

வீட்டுத் தராசு நூறு நூறாகத்தான் பேசும்.
மூன்று கிழமை ஒரே இலக்கம்.
நாலாம் கிழமை, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு
கடையின் மேசைத் தராசைச் சைக்கிளில் கட்டி வந்தேன்.
அது ஐந்து கிராமையும் விடாது.
தட்டில் வைத்தால் சீமெந்து பாய்ந்துவிடும்,
இலக்கம் நடுங்கிப் பூச்சியத்துக்கு வரும்.
ஒருநாள் வெங்காயப் பெட்டி ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணிக்குப் போனேன்.
திரும்பி வர, உள்ளே இருந்தது,
காசு குடுத்து வாங்கின வீடு மாதிரி.
பெட்டி தொள்ளாயிரத்துப் பத்து.
அதையும் கழித்தேன்.

குசினிக் கதவுக்குப் பின்னால் நகைக்கடைக் கலண்டர்.
ஆறு முந்நூற்று எண்பத்தைந்து.
ஆறு முந்நூற்று நாற்பது.
ஆறு முந்நூற்று நாற்பத்தைந்து
(அந்தக் கிழமை மழை, அது கட்டிலை விட்டு இறங்கவில்லை).
பிறகு,
ஆறு நாநூற்று எழுபது.

தராசை மாற்றி வைத்தேன்.
ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தேன்.
பெட்டியைத் திரும்ப நிறுத்தேன்.
பக்கத்து வீட்டு றெஜினாவைச் சந்தேகப்பட்டேன்,
மதிலில் ஏறி அவவின் குப்பை வாளியையும் எட்டிப் பார்த்தேன்.
எல்லாம் சரியாக இருந்தது, பூனையைத் தவிர.

சனி பின்னேரம் கிணத்தடியில்
யோகாம்பிகை சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
ஒரு தலை. சீமெந்து வாயைத் திறந்தது.
இன்னொரு தலை.
"என்ன செய்யிறாய்?"
அவள் நிமிரவே இல்லை.
"உங்கட நிறுத்த சாப்பாட்டில நான் கை வைக்கேல்லையே.
இது கழிவு.
கழிவை ஆர் கணக்கில எடுக்கிறது?"

நான் கலண்டரடிக்குப் போய் நின்றேன்.
கழித்ததெல்லாம் இல்லாமல் போவதில்லை,
எங்கேயோ போய் நிறையாகச் சேர்கிறது.
முதலாளியின் மேல்மாடிக்கு.
புதுவருசத்துக்கு எனக்கு வரும் என்வலப்புக்கு.
அந்தக் காசில் கட்டின மதிலில்
வால் தொங்கப் படுத்திருக்கும் பூனைக்கு.

திங்கள் விடியப்புறம் அச்செழுவிலிருந்து
கனகலிங்கம் நாலு மூட்டை கொண்டு வந்தார்.
தராசைப் பார்க்கவில்லை, என் பேனையைத்தான் பார்த்தார்.
எப்போதும் அதைத்தான் பார்த்திருப்பார் போல.
பேனை பத்து என்றுதான் எழுதியது.
கொஞ்சம் பிந்தி எழுதியது, அவ்வளவுதான்.
அதை அவர் கண்டாரோ தெரியாது.

மீன் தலைகள் இப்போது றெஜினாவின் கோழிகளுக்கு.
இந்த வெள்ளி: ஆறு முந்நூற்றுப் பத்து.
முந்நூறு என்று எழுதக் கை போனது.
எழுதவில்லை.

சீமெந்து பெட்டியை விட்டு இறங்கி,
இரண்டடி நடந்து,
திரும்பி வந்து வெறும் பெட்டியை மணந்து பார்த்தது.
தட்டில் இன்னும் தொள்ளாயிரத்துப் பத்து
எரிந்துகொண்டிருந்தது.