மேசையின் உயரம்

கல்முனை. இரண்டாம் தியேட்டர்.
மேசையின் மிதிகட்டை பெருநாளுக்கு முதலே பழுது.
எனக்கு முன் இங்கு நின்றவர் ஆறடி;
அவர் உயரத்திலேயே இறுகிப்போய்க் கிடக்கிறது.

பலகையில் ஏறியும்
தோள் காதுக்குப் போகிறது.
எதிரே கொக்கியை இழுத்துப் பிடித்தபடி
மிஸ் பௌமியா கால் மாற்றுகிறா.
நாலு மணித்தியாலம்.
பிடரிக்குள் யாரோ கயிறு திரிக்கிறார்கள்.
ஈரலுக்குக் கீழே விரல்கள் மட்டும்
ஒன்றும் தெரியாதவை போல.

பின்னேரம் வாட்டில்
கரைவலை இழுக்கும் கனகரெத்தினம் கேட்கிறார்:
"திரும்ப எப்ப இழுக்கலாம்?"
"ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கப்படாது."
கையொப்பமிடும் முழங்கையை
மற்றக் கையால் தாங்குவதை
அவர் பார்த்துவிட்டார்.
"உங்களுக்கு எத்தினை கிழமை, டொக்டர்?"

நாளைக்கு ஐந்து பேர்.

இரவு
நுளம்பு வலையின் மூன்று மூலை கட்டினேன்.
நாலாவதுக்குக் கை எழும்பவில்லை.
அப்படியே விட்டுப் படுத்தேன்.